சூறைக்காற்று (மீன் அல்ல)

மைக்கக்காவின் முகம் துறைமுகத்தில் பாதிப் பேருக்குத் தெரியாது. குரல் தெரியாதவர் கிடையாது. அவள் காய்கறிக் கடையில் நின்று "அரைக் கிலோ வெங்காயம்" என்று கேட்டால் போதும், பக்கத்தில் நிற்கும் படகுக்காரர் தன்னையறியாமல் தலையை நிமிர்த்தி வானத்தைப் பார்ப்பார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குரல் சொல்லித்தான் அவர்கள் படகைக் கட்டினார்கள், அவிழ்த்தார்கள், டீசலுக்கு வரிசையில் நின்றார்கள், தொலைத்த சைக்கிள் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் மைக் பிடித்தவள். கூட்டத்தில் குழந்தைகள் காணாமல் போகும். "நீலச் சட்டை போட்ட மூன்று வயதுக் குழந்தை, தன் அப்பாவைக் காணவில்லை என்று தேடிக்கொண்டிருக்கிறது" என்று அறிவிப்பாள். தொலைந்தது அப்பாதான் என்பது அவள் கட்சி. துறைமுகத்தில் அறிவிப்பாளர் வேலைக்கு ஆள் எடுத்தபோது முப்பது பேர் போனார்கள். "பழுதான பெரிய படகுகளை மறுகரையில் நிறுத்தவும்" என்று ஒரு வரியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். இருபத்தொன்பது பேர் படகைப் 'பளுது' பார்த்தார்கள். இவள் ஒருத்திதான் ழகரத்தை மடக்கி, றகரத்தை அழுத்தி, ஒவ்வொரு எழுத்தையும் அதனதன் நாற்காலியில் உட்காரவைத்தாள். வேலை கிடைத்துவிட்டது.

அந்த உச்சரிப்புப் பெருமை அவளோடு கூடவே பிறந்தது. சின்ன வயதில் தம்பி "பளம் வேணும்" என்று கேட்டால், "ப-ழ-ம்" என்று சொல்லும்வரை கையில் கொடுக்கமாட்டாள். அவன் பல நாள் பழமே வேண்டாமென்று போயிருக்கிறான். கல்யாணமான புதிதில் கணவர், "ஐஸ் பேக்டரில நின்னு நின்னு வாய் மரத்துப்போச்சும்மா, என்னை விட்டுடு" என்று கெஞ்சித் தப்பித்துக்கொண்டார். துறைமுகத்தின் ஐஸ் தொழிற்சாலையில் மிஷின் ஓட்டுபவர் அவர்.

துறைமுக அலுவலகத்தின் மாடியில், படிக்கட்டு முடியும் இடத்தில் அவள் அறை. ஒரு மேசை, ஒரு மர ஸ்டூல், அதன்மேல் வீட்டிலிருந்து கொண்டுவந்த சின்ன மெத்தை, ஆம்ப்ளிஃபயர், சுவரில் போன வருடத்து நாட்காட்டி. சன்னல் சாலைப் பக்கம். நாள் முழுக்கக் கடலைப் பற்றிப் பேசுகிறவளுக்கு உட்கார்ந்த இடத்திலிருந்து கடல் தெரியாது. வானிலை அலுவலகத்தின் தாள் வந்ததும், மூச்சுவிடும் இடத்திலெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுவாள். ஒரு வாய் வெந்நீர். பிறகு பொத்தான்.

தாளில் இல்லாததை அவள் வாசித்தது ஒரே ஒரு தடவைதான். ஆறு வருடத்துக்கு முன்னால், 'பலத்த காற்று' என்று தாளில் இருந்தும் படகுக்காரர்கள் அசட்டையாகத் திரிகிறார்களே என்று, "புயல் மாதிரி காற்று வரும், ஜாக்கிரதை" என்று தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்துவிட்டாள். 'மாதிரி' எங்கேயோ விழுந்துவிட்டது. 'புயல்' மட்டும் ஊருக்குள் போய்ச் சேர்ந்தது. பத்தே நிமிடத்தில் பள்ளிக்கூடத்தை விட்டார்கள். ரொட்டி தீர்ந்தது, மெழுகுவர்த்தி தீர்ந்தது. கூரைத் தகரத்தின்மேல் கல் தூக்கி வைக்கப்போன ஒருவர் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். அன்று சாயங்காலம் ஒரு இலைகூட அசையவில்லை.

துறைமுக அதிகாரி அவளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். நல்ல மனிதர்தான். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார்.

"புயலுங்கிறது நம்ம இஷ்டத்துக்கு எடுத்துக்கிற சொல் இல்லம்மா. காத்து இத்தனை வேகம்னா இந்தப் பேரு, அத்தனை வேகம்னா அந்தப் பேருன்னு அளந்து வெச்சிருக்காங்க. பேப்பர்காரங்க எழுதுவாங்க, அரசியல்ல புயல், கிரிக்கெட்ல புயல், தலைவரோட சூறாவளிச் சுற்றுப்பயணம்னு. அதைக் கேட்டுட்டு யாரும் கூரை மேல ஏறமாட்டான். நீங்க சொன்னா ஏறுவான். இனிமே தாள்ல இருக்கிறதை மட்டும் படிங்க. ஒரு எழுத்து கூடவும் வேணாம், குறையவும் வேணாம்."

"சரிங்க சார்" என்று வந்தவள், அதற்குப் பிறகு தும்மல் வந்தால்கூடப் பொத்தானை அணைத்துவிட்டுத்தான் தும்மினாள்.

இந்தக் கண்டிப்பால்தான் தம்பியோடு பேச்சு நின்றது. தம்பிக்குச் சொந்தமாக ஒரு விசைப்படகு, எண் நூற்றுப் பதினாலு. மகளைப் பெண் கேட்டு வந்த சம்பந்தி வீட்டாருக்குப் படகைக் காட்டலாமென்று, மீட்புப் படகு நிற்கவேண்டிய இடத்தில் பத்து நிமிடம் கட்டிவைத்திருந்தான். புதுச்சட்டை, கையில் குளிர்பானத் தட்டு. தலைக்குமேல் ஒலிபெருக்கி அலறியது. "நூற்றுப் பதினாலாம் எண் படகின் உரிமையாளர் உடனடியாகத் தன் படகை அகற்றவும். இது மூன்றாவது அறிவிப்பு." சம்பந்தி படகின் நெற்றியில் எழுதியிருந்த எண்ணை நிதானமாகப் படித்துவிட்டு, "இது உங்க படகுதானே?" என்று கேட்டாராம்.

"உன் வாயால மூணு தடவை என் மானத்தை வாங்கிட்டியேக்கா!"

"மைக் முன்னாடி உட்கார்ந்தா எனக்குத் தம்பியும் கிடையாது, தாய்மாமனும் கிடையாது."

அதோடு சரி. இரண்டு மாதமாகத் தெருவில் எதிரே பார்த்தாலும் அவன் செருப்பு வார் அறுந்ததுபோல் குனிந்துகொள்வான்.

இனி அந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

ஒரு வாரமாகத் துறைமுகத்தில் ஒரே பேச்சு, சூரை மீன். தெற்கே சூரைக் கூட்டம் திரண்டு வருகிறது, இன்றைக்கு வரும், நாளைக்கு வரும் என்று ஆளாளுக்கு ஜோசியம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். எந்தப் பக்கம், எத்தனை கிலோமீட்டரில் மீன் கூட்டம் இருக்கிறது என்ற தகவலையும் மீன்வளத் துறை ஒரு வருடமாகத் தாளில் அனுப்பிக்கொண்டிருந்தது. அதையும் மைக்கக்காதான் வாசிப்பாள். ஆகவே அவள் குரல் எப்போது 'சூரை' என்று சொல்லும் என்று ஊரே காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தது.

காலை பத்தரைக்கு வந்த தாளோ வானிலை அலுவலகத்துடையது. "தெற்கு மற்றும் தென்கிழக்குக் கடற்பகுதிகளில் இன்று மாலை முதல் மணிக்கு அறுபத்தைந்து கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று வீசக்கூடும். மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல வேண்டாம் என அறிவுறுத்தப்படுகிறார்கள்." மைக்கக்கா கோடு போட்டாள், வெந்நீர் குடித்தாள், இரண்டு தடவை நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

அன்றைக்கு மின்சாரம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது. ஒலிபெருக்கிக்குப் போகும் ஒயரும் உப்புக்காற்றில் அரித்துப்போயிருந்தது. படகுத்துறையில் கேட்டது இவ்வளவுதான்: "தெற்கு… தென்கிழக்கு… இன்று மாலை முதல்… அறுபத்தைந்து கிலோமீட்டர்… சூறை… மீனவர்கள் இப்பகுதிகளுக்குச் செல்ல…"

எழுத்தில் பார்த்தால் மீனுக்குச் சின்ன ர, காற்றுக்குப் பெரிய ற. காதுக்கு ஏது சின்னது பெரியது? 'செல்ல' என்பதற்குப் பின்னால் 'லாம்' என்று ஒவ்வொருவரும் தானாகவே போட்டுக்கொண்டார்கள்.

பன்னிரண்டரை மணிக்கு மேசைத் தொலைபேசி அடித்தது. கணவர்தான். பின்னால் ஐஸ் உடைக்கும் மிஷின் கடகடவென்று ஓடியது.

"ஏம்மா, எத்தனை டன் வருதாம்?"

"எது?"

"சூரைதான்! நீதானே சொன்னே. இங்க ஐஸுக்கு அடிதடி நடக்குது. ஒருத்தன் சட்டையை ஒருத்தன் கிழிச்சுட்டான்."

"நான் என்ன சொன்னேன்?"

"தென்கிழக்கே, அறுபத்தஞ்சு கிலோமீட்டர்ல சூரை, மீனவர்கள் செல்லலாம்னு."

"ஐயோ, மீன் இல்லைங்க! காத்து! சூறைக்காத்து! கடையைச் சூறையாடிட்டாங்கன்னு சொல்றோமே, அந்தச் சூறை!"

அவர் மெதுவாக, "நீ ஒழுங்கா சொல்லலையா?" என்றார்.

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் அவளிடம் கேட்டிராத கேள்வி. "நான் அழுத்தித்தான் சொன்னேன்" என்றாள். ஆனால் உட்கார்ந்து வருத்தப்பட நேரமில்லை. பொத்தானை அழுத்தினாள். சிவப்பு விளக்கு ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு அணைந்தது. ஆம்ப்ளிஃபயரிலிருந்து கருகல் வாடை வந்தது. அதிகாரி வெளியூரில் ஏதோ கூட்டத்தில் இருந்தார். எலக்ட்ரீஷியன் எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை.

மைக்கக்கா ஓடினாள். வயது ஐம்பத்துநாலு, வலது முட்டியில் வலி. படிக்கட்டில் ஒரு செருப்பு கழன்றது, மீன் ஏலம் விடும் கொட்டகை வாசலில் இன்னொன்று. படகுத்துறையில் டீசல் புகை மண்டிக்கிடந்தது. ஆட்கள் ஐஸ் பெட்டிகளை ஏற்றிக்கொண்டும் கயிறுகளை அவிழ்த்துக்கொண்டும் இருந்தார்கள்.

"யாரும் போகாதீங்க! காத்து வருது! மீன் இல்லை, காத்து!"

தலைமுடி கலைந்து, வெறுங்காலோடு கத்திக்கொண்டு வந்த பெண்மணி யாரென்று பலருக்கும் தெரியவில்லை. ஆனால் அந்தக் குரலைக் கேட்டதும் கைகள் எல்லாம் அப்படியே நின்றன.

"அட, மைக்கக்காவா! இவ்வளவு குள்ளமா இருக்காங்க!" என்றான் ஒருவன்.

வயதான படகுக்காரர் ஒருவர் மட்டும் மசியவில்லை. "பத்தரைக்குப் போன்னீங்க. இப்ப போகாதேங்கறீங்க. நாங்க எதை நம்புறது?"

"இப்ப சொல்றதை நம்புங்கண்ணே. அப்ப சொன்னதும் இதேதான், காதுல விழுந்ததுதான் வேற."

அவர் தலையைச் சொறிந்துகொண்டே நின்றார். அதற்குள் ஐஸ் தொழிற்சாலைப் பக்கமிருந்து கடகட சத்தம் நின்றுபோனது. கணவர் மிஷினை அணைத்துவிட்டு வாசலில் வந்து நின்று, இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். ஐஸ் கிடையாது. அதற்குமேல் யாரும் வாதாடவில்லை. அவிழ்த்த கயிறுகளைத் திரும்பக் கட்டினார்கள். மைக்கக்கா கரையோடு நடந்து ஒவ்வொரு படகாகப் பார்த்தாள். நாற்பத்தொரு படகு இருந்தது. ஓர் இடம் மட்டும் காலி. நூற்றுப் பதினாலு.

"உங்க தம்பி அப்பவே கிளம்பிட்டாரேக்கா. முந்தின நாளே ஐஸ் ஏத்தி வெச்சிருந்தாரு" என்றார் பக்கத்துப் படகுக்காரர். "அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

அந்தக் கடைசி வாக்கியம் அவளை உலுக்கிவிட்டது. வயர்லெஸ் அறைக்குப் போய்ச் சேர்ந்தபோது மூச்சு வாங்கியது. ஆப்பரேட்டர் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை.

"நூற்றுப் பதினாலு, நூற்றுப் பதினாலு. துறைமுகம் பேசுகிறது."

"சொல்லுங்க துறைமுகம்." தம்பியின் குரல் விறைப்பாக வந்தது.

"சூறை வருகிறது. உடனே திரும்பி வரவும்."

"தெரியும். அதுக்குத்தான் போயிட்டிருக்கேன்."

"அந்தச் சூரை இல்லை. சூறை. வல்லின ற."

"மீனுக்கு என்னங்க இலக்கணம்? படகை எங்க கட்டணும்னு சொன்னீங்க, சரின்னு கேட்டுக்கிட்டேன். எங்க பிடிக்கணும்னும் சொல்வீங்களா? ஓவர்."

ஆப்பரேட்டர் சிரிக்கத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நாக்கு நுனியில் 'புயல்' என்ற சொல் வந்து நின்றது. அதைச் சொன்னால் திரும்பிவிடுவான். அதைச் சொன்னால், திறந்த அலைவரிசையில் கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோரும் கூரை மேல் ஏறுவார்கள். அதை அப்படியே விழுங்கினாள். துறைமுகக் குரலையும் சேர்த்து விழுங்கினாள்.

"டேய்" என்றாள். "நான் அக்காடா. மீன் இல்லடா, காத்து. பேய்க்காத்து. நான் சொன்னது எல்லார் காதுலயும் தப்பா விழுந்துடுச்சு. திரும்பி வந்துடுடா."

அலைவரிசையில் எஞ்சின் சத்தம் தணிந்தது.

"அக்கா, நீயா?"

"நானேதான்."

"இது எத்தனாவது அறிவிப்பு?"

"முதலும் கடைசியும் இதுதான். வாடா."

"சரி. திருப்பிட்டேன்." பிறகு, "வந்தா எங்க கட்டறது?" என்றான்.

"எங்க வேணாலும் கட்டிக்கோ" என்றாள் மைக்கக்கா. அவள் வாயிலிருந்து அப்படி ஒரு அறிவிப்பு வந்ததை அன்று அலைவரிசையில் இருந்த அத்தனை பேரும் கேட்டார்கள்.

தாளில் மாலை என்று போட்டிருந்தது. காற்றுக்குத் தாள் படிக்கத் தெரியாது. இரண்டே முக்காலுக்கே தென்கிழக்கு மூலை சாம்பல் பூசியதுபோல் ஆனது. முதலில் ஏலக் கொட்டகையின் தகரங்கள் படபடத்தன. அடுத்த நிமிடம் பிளாஸ்டிக் மீன் பெட்டிகள் கூட்டமாக உருண்டு சாலையைக் கடந்து ஓடின. ஆட்கள் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். கொட்டகைக் கூரையிலிருந்து இரண்டு தகரம் பெயர்ந்து, காகிதம்போல் எழுந்து, டீசல் பங்க் பின்னால் போய் விழுந்தது. கட்டிய படகுகள் ஒன்றையொன்று இடித்து முனகின. மைக்கக்கா அலுவலக வராந்தாவில் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு, முகத்துவாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முன்பெல்லாம் இந்த மாதிரி நேரத்தில் அவளுக்கு வாசிக்க ஏதாவது இருக்கும். இன்றைக்கு வாயில் ஒரு சொல்லும் இல்லை.

மூன்றரைக்கு, அலைத்தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கொடிக்கம்பம் தெரிந்தது, மறைந்தது, மறுபடி தெரிந்தது. நூற்றுப் பதினாலு ஒருபக்கமாகச் சாய்ந்துகொண்டே முகத்துவாரத்தில் நுழைந்து, நேராக மீட்புப் படகின் இடத்தில் வந்து நின்றது. நாலு பேர் குதித்துக் கயிற்றைப் பிடித்தார்கள்.

தம்பி சொட்டச் சொட்ட நனைந்து படியேறி வந்தான். அவள் அவன் கன்னத்தையும் தோளையும் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முந்தானையால் அவன் தலையைத் துவட்டினாள். அவன் குனிந்து காட்டிக்கொண்டே, "அக்கா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கமாட்டியே?" என்றான்.

"சொல்லு."

"அது காத்து இல்லை. கா-ற்-று."

கணவர்தான் முதலில் சிரித்தார். அவள் அழுதாளா சிரித்தாளா என்று பக்கத்தில் நின்ற ஆப்பரேட்டர் பிறகு பலமுறை ஆராய்ச்சி செய்திருக்கிறார்.

மூன்றாம் நாள் அதிகாரி திரும்பி வந்ததும் மெமோ வந்தது. பணி நேரத்தில் இருக்கையை விட்டுச் சென்றது ஏன்? அறிவிப்பில் இல்லாத 'பேய்க்காத்து' என்ற சொல்லைப் பயன்படுத்தியது ஏன்? மைக்கக்கா ஒரு மணி நேரம் உட்கார்ந்து விளக்கம் எழுதினாள். "அறிவிப்பில் எழுத்துப் பிழை இல்லை. வாசித்ததில் உச்சரிப்புப் பிழை இல்லை. கேட்டவர்கள் மேலும் தப்பில்லை. ஆகவே சொல்லையே மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்." அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றினார். துடைக்காமல் திரும்ப மாட்டிக்கொண்டு, கையெழுத்துப் போட்டு வானிலை அலுவலகத்துக்கு அனுப்பிவைத்தார். மெமோவைப் பற்றி அதற்குப் பிறகு யாரும் பேசவில்லை. ஒயரையும் ஆம்ப்ளிஃபயரையும் புதிதாக மாற்றினார்கள்.

நாற்பது நாள் கழித்துப் பதில் வந்தது. சொற்களை மாற்றும் அதிகாரம் அதற்கென்று இருக்கும் குழுவுக்குத்தான் உண்டு, குழு கூடும்வரை தற்காலிக ஏற்பாடாக ஒரு விளக்கம் சேர்க்கப்படும் என்றது. அடுத்த தாளிலேயே அந்த விளக்கம் இருந்தது: "சூறைக்காற்று (மீன் அல்ல) வீசக்கூடும்."

ஒரு எழுத்து கூடவும் கூடாது, குறையவும் கூடாது. மைக்கக்கா முகத்தைச் சலனமில்லாமல் வைத்துக்கொண்டு அப்படியே வாசித்தாள். படகுத்துறையே கைதட்டியது. ஒரு வாரத்தில் ஊர் முழுக்க அது பரவிவிட்டது. மனைவி சூறாவளி மாதிரி வந்து கத்தினாள் என்று ஒருவர் புலம்பினால், கேட்பவர் "மீன் அல்ல" என்பார். ஒரு தேர்தல் சுவரொட்டியில் 'தலைவரின் சூறாவளிச் சுற்றுப்பயணம்' என்பதற்குக் கீழே யாரோ கரியால் அடைப்புக்குறி போட்டு எழுதிவைத்திருந்தார்கள்.

ஒருநாள் வானிலை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் கூப்பிட்டாள். சின்னக் குரல்.

"அக்கா, அந்தத் தாளை எழுதறது நான்தான். எனக்கு ரொம்ப வெக்கமா இருக்கு. நான் கடலையே ரெண்டு தடவைதான் பார்த்திருக்கேன்."

"நான் இருபத்திரண்டு வருஷமா சாலையைப் பார்த்துக்கிட்டுத்தாம்மா கடலைப் பத்திப் பேசறேன். விடு."

"குழு கூடுது. நீங்களும் வரணும்."

மைக்கக்கா ஒரு நோட்டுப்புத்தகத்தோடு படகுத்துறையில் இறங்கி, "காத்து பலமா அடிச்சா நீங்க என்னன்னு சொல்வீங்க?" என்று ஒவ்வொருவரிடமும் கேட்டாள். பேய்க்காத்து, முரட்டுக்காத்து, சுழிக்காத்து என்று வந்தது. "எங்க மாமியார்" என்று ஒருவன் சொன்னதை மட்டும் அவள் எழுதிக்கொள்ளவில்லை.

பஸ் ஏறிப் போய், நீண்ட மேசையின் ஓரத்தில் உட்கார்ந்தாள். குழுவில் ஒரு தமிழாசிரியர் இருந்தார். சூறை என்ற சொல்லுக்காக உருகினார். "எவ்வளவு பழைய சொல்! சுழன்றடிக்கும் காற்றுக்கும் அதுதான், கொள்ளைக்கும் அதுதான். வந்து எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போகிறதே, அந்தப் பொருத்தத்தைப் பாருங்கள். அதை விட்டுவிடுவதா?"

"எனக்கும் அந்தச் சொல் பிடிக்கும் சார்" என்றாள் மைக்கக்கா. "பிடிச்சிருக்குங்கிறதுக்காக ஆளைக் கடலுக்கு அனுப்ப முடியாது. சொல்லை மாத்தினாலும் மாத்தாட்டியும், ஒண்ணு செய்யுங்க. 'கடலுக்குப் போகாதீர்கள்'ங்கறதை முதல்ல போடுங்க. எந்தப் பக்கம், எத்தனை வேகம், என்ன பேரு, அதெல்லாம் பின்னாடி வரட்டும். நடுவுல ஒயர் அறுந்தாலும் வேண்டியது காதுல விழுந்திருக்கும்."

தமிழாசிரியர்தான் முதலில் கையை உயர்த்தினார். இப்போது தாள் அப்படித்தான் வருகிறது. 'கடலுக்குப் போகாதீர்கள்' முன்னால், 'பலத்த காற்று' பின்னால்.

குழு கூடிய அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, நாற்காலியில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டாள். கணவர் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

"காத்து முடிஞ்சுதா?"

"அது ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. அப்புறம் மழைக்கு வந்தாங்க. தூறல்னு போடறதா, சாரல்னு போடறதா, லேசான மழைன்னு போடறதான்னு நாலு மணி நேரம்."

"முடிவு?"

"அடுத்த மாசம் மறுபடி கூடறாங்களாம்" என்றாள். டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னாள்: "சாரல்தான் சரி. நான் விடப்போறதில்லை."